இலவசக் கல்வியின் மீதிக் கடன்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

நூறு ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் இவ்வேளையில், படித்து உயர்ந்தவர்களை மட்டுமன்றி, இடையில் நின்றுபோனவர்களையும் நாம் நினைக்க வேண்டும். எமது பாட்டிமார் காலத்தில் பெண் பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. சாமத்தியச் சடங்கு ஊரறிய நடக்கும். புத்தகங்கள் சத்தமின்றி மூடப்படும்.

அந்நிலை தானாக மாறவில்லை. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயின. பிள்ளையை வீட்டில் மறிக்கும் காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மாதவிடாய் என்ற காரணம் மட்டும் இன்னும் எஞ்சி நிற்கிறது.

எமது பிள்ளைகளின் சீருடை வெள்ளை நிறம். கறை பட்டுவிடுமோ என்ற பயத்தில் கரும்பலகைக்கு எழுந்து செல்லத் தயங்கும் மாணவியின் மனத்தில் கணிதம் எப்படி ஏறும்? நகரத்துப் பிள்ளை ஒரு பொதித் துவாயை வாங்கிச் சமாளிப்பாள். நாட்கூலியில் வாழும் தோட்டத்துக் குடும்பத்தில் அரிசிக்குப் பின்னர்தான் அது. ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. ஆனால் பாடசாலைக்கு வரும் நாட்கள் ஒன்றல்ல.

2018இல் இறக்குமதித் துவாய்கள் மீதான வரிகள் நூறு வீதத்தையும் தாண்டியிருந்தன. எதிர்ப்பின் பின் அவ்வாண்டிலேயே குறைக்கப்பட்டன. 2024இல் வசதி குறைந்த பாடசாலைகளின் எட்டு இலட்சம் மாணவிகளுக்குத் தலா 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்க அரசு முன்வந்தது. வரவேற்கிறோம். ஆயினும், தாழ்ப்பாள் இல்லாத மலசலகூடத்துக்கும் வராத தண்ணீருக்கும் வவுச்சர் விடையல்ல.

அறியாமைக்கும் அது விடையல்ல. பத்துப் பதினொரு வயதிலேயே பூப்படையும் பிள்ளைகள் உள்ளனர். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாக்கும் அதே வயதில் இதற்கும் அவர்களை ஆயத்தமாக்க வேண்டாமா? இது துடக்கு அல்ல, உடலின் இயல்பு; துவாயை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; துணி பாவிப்பவர்கள் அதை ஒளித்து வைக்காமல் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்; பாடசாலைக்கு வரமுடியாத அளவு வலியென்றால் பொறுத்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இவற்றைத் தாய்மாரும் அறிய வேண்டும்.

சகோதரிகளே, மண்டபத்துக்கும் வளைவுக்கும் பெயர் பொறிக்க நன்கொடையாளர் கிடைப்பர். மலசலகூடக் கதவில் பெயர் பொறிக்க எவரும் விரும்பார். அந்தப் பெயரில்லாப் பணியை எமது சங்கம் ஏற்கட்டும். இங்கு கேட்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு துவாய் அலுமாரி, தண்ணீர், தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவற்றை உறுதிசெய்வோம். பின்னர் ஒரு தோட்டப் பாடசாலைக்கும் அவ்வாறே செய்வோம்.

கட்டணமின்றிப் படித்தவர்கள் நாம். அந்தக் கடனின் மீதியை எமது தங்கைமாருக்கே செலுத்துவோம்.