பரிசு பெற்றோரும் பெயர் இழந்தோரும்



திரைப்படப் பரிசளிப்பைப் பற்றிப் பேச வந்தவன் நடிகையரின் ஆடையணிகளை வருணிப்பான் என்று எதிர்பார்த்து வந்தோர் இருப்பின், அவர்கள் ஏமாற்றமடையவே நேரிடும். 1958ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் இரவு, ஹொலிவூட்டின் பன்டேஜஸ் அரங்கிலே நடந்தேறிய முப்பதாவது ஒஸ்கார் விழாவையே இன்று நினைவுகூர விழைகின்றேன். நம் களனி கங்கைக் கரையிலே, கித்துல்கலவில் எடுக்கப்பட்ட ஒரு படம் அன்றிரவு ஏழு பரிசில்களை வாரிக்கொண்டது. 'குவாய் ஆற்றின் மீதுள்ள பாலம்' என்பது அதன் பெயர். அப்படத்துக்கெனக் கட்டிய மரப்பாலத்தை 1957இல் வெடிவைத்துத் தகர்த்த கதையை, அப்பக்கத்து முதியோர் நெடுங்காலம் சொல்லிவந்தனர்.

சிறந்த படம் அதுவே. தயாரித்தவர் சாம் ஸ்பீகல். நெறியாள்கைக்கு டேவிட் லீன், நடிப்புக்கு அலெக் கின்னஸ், ஒளிப்பதிவுக்கு ஜாக் ஹில்டியார்ட், படத்தொகுப்புக்குப் பீற்றர் ரெய்லர், இசைக்கு மல்கம் ஆர்னோல்ட் ஆகியோர் பரிசு பெற்றனர். எட்டாவதாகப் பிரேரிக்கப்பட்ட யப்பானிய நடிகர் செசுவே ஹயகாவாவுக்கு மட்டும் பரிசு கிட்டவில்லை. ஆயினும் 'சயொனாரா' என்னும் வேறொரு படத்தில் நடித்த மியோஷி உமேக்கி என்ற யப்பானியப் பெண், துணை நடிகைக்கான பரிசை வென்றார். நடிப்புக்காக அப்பரிசைப் பெற்ற முதற் கிழக்காசிய நடிகை அவரே. வட்டிக்காரனிடம் சிக்கிய உழவர் குடும்பமொன்றின் துயரத்தைச் சொன்ன 'மதர் இந்தியா'வும் அன்று பிறமொழிப் படங்களின் வரிசையில் நின்றது. இத்தாலியரான பெலினியின் படத்திடம் தோற்றது. கமக்காரர் நிறைந்த இச்சபையில் அதனைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஏழாவது பரிசைப் பற்றி. அது திரைக்கதைக்கு உரியது. பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் வாசிக்கப்பட்டது. அவர் வரவில்லை; நடிகை கிம் நோவாக் அவர் சார்பிற் பெற்றுக்கொண்டார். மூல நாவலைப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர் பூல் என்பது மெய். ஆனால் அந்த ஆங்கிலத் திரைக்கதையில் அவர் எழுதியது ஒரு வரியும் இல்லை! எழுதியோர் கார்ள் போர்மன், மைக்கல் வில்சன் என்னும் இரு அமெரிக்கர். பொதுவுடைமைவாதிகளைக் காட்டிக்கொடுக்கும்படி அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு கேட்டபோது, மறுத்து நின்றவர்கள் அவர்கள். அக்குற்றத்துக்காகக் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டு, ஒருவர் இலண்டனிலும் மற்றவர் பிரான்சிலும் வாழ்ந்தனர். அத்தகையோர் பரிசுக்கு உரியரல்லர் என்று 1957 பெப்ரவரியில் ஒஸ்கார் வழங்கும் கழகமே விதி செய்திருந்தது. ஆட்சியாளர் கேட்குமுன்பே கலைஞர் கழகம் தானாகக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தது என்றே நான் சொல்வேன்.

அவ்விதி 1959இல் நீக்கப்பட்டது. 1984இல் கழகம் தன் ஏட்டைத் திருத்தி, பரிசு போர்மனுக்கும் வில்சனுக்கும் உரியது என்று ஏற்றுக்கொண்டது. சிலைகள் வீடு வந்து சேர்ந்தபோது இருவரும் உயிரோடில்லை, விதவையரே பெற்றுக்கொண்டனர். எனினும் பெயர் மீண்டது. மீண்டது எதனால்? எழுத்துப் பிரதி இருந்தது, கடிதங்கள் இருந்தன, அவர்களுக்காக வாதாட எழுத்தாளர் சங்கம் இருந்தது.

இனி, அந்தக் கதைக்குப் பின்னாலுள்ள உண்மைப் பாதையை நோக்குவோம். சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் 1942இல் தொடங்கி 1943 ஒக்ரோபரில் முடித்த அப்புகையிரதப் பாதையின் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீற்றர். அதிலே மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேற்பட்டோர். படம் அவர்களையே காட்டிற்று. ஆசியத் தொழிலாளரோ 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது கணிப்பு. அவர்களுட் பெருந்தொகையினர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்! ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையற்றிருந்தோரைக் கூலி தருவதாக ஆசைகாட்டி அழைத்தனர். வராதோரை வளைத்துப் பிடித்தனர். பேதிநோய் பரவியபோது கைதிகளிடையே படை வைத்தியராவது இருந்தனர். தொழிலாளரின் குடிசைகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

நாவலாசிரியர் பூல் யுத்தத்துக்கு முன் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலே பணிபுரிந்தவர். தமிழ்த் தொழிலாளரை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். எனினும் அவருடைய கதையின் நடுவில் நிற்பவன் ஆங்கிலேயத் தளபதியே. படத்தின் புகழ் எத்தகையதெனில், தாய்லாந்தினர் 1960 அளவில் அப்பாலத்தின் கீழோடும் ஆற்றின் பெயரையே படத்துக்கு இசைய மாற்றிக்கொண்டனர். ஆற்றின் பெயரை மாற்ற வல்ல படம், பாதை போட்டவனின் பெயரைச் சொல்லவில்லை.

கைதிகளின் சாவைக் கணக்கிட முடிவதற்குக் காரணம், அவர்களின் அதிகாரிகள் களவாகவேனும் பேரேடு வைத்திருந்தமையே. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்குக் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் அங்கே பெயர் பொறித்த கல் இல்லை.

ஆனால் அவன் பெயர் ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. தோட்டத்துச் செக்றோலில்! அதனை எழுதியவர் யார்? யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கிராணிமாராகச் சென்ற நம்மவர் பலர். தமிழகத்திலிருந்து வந்த அத்தொழிலாளரோடு சமமாக அமர நம்மவர் எல்லோரும் விரும்பினர் அல்லர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இச்சபையில் மலாயாப் பென்சன்காரரின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் அக்காலத்துக் குறிப்பேடோ, கடிதமோ, தோட்டத்துப் படமோ கிடக்குமாயின், கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்து, ஊர் நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படையுங்கள். அடுத்த தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது அப்பெட்டகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.