கைப்பேசியில் தரும் சம்மதம் செல்லுமா?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



விதை, உரம், நீர், களை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே உழவியல் துறையினரின் வழக்கம். இன்று சட்டம் பற்றிச் சில செய்திகளைக் கூற முன்வந்துள்ளேன். அதற்குக் காரணம் உண்டு. விதையும் பயிர்ப் பாதுகாப்பு மருந்தும் சொட்டு நீர்க் கருவிகளும் இப்போது கைப்பேசி வாயிலாக வாங்கப்படுகின்றன. டிரோன் கொண்டு மருந்து தெளிக்கவும், விளைபொருளை விற்கவும், அவசரக் கடன் பெறவும் செயலிகள் வந்துள்ளன. இவற்றில் ஏதோ ஓரிடத்தில் 'நிபந்தனைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரியும், அதன் அருகே ஒரு சிறு கட்டமும் இருக்கும். பெரும்பாலோர் படிக்காமலேயே அதை அழுத்திவிடுகிறோம்.

"காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இது எப்படி நம்மைக் கட்டுப்படுத்தும்?" என்று கேட்கும் உழவர்கள் உண்டு. கட்டுப்படுத்தும் என்பதே விடை. ஆயினும் அதில் எழுதியுள்ள எல்லா நிபந்தனைகளும் அப்படியே செல்லுபடியாகும் என்பதில்லை. இவ்விரண்டையும் தெளிவாக அறிந்துகொண்டால் பின்னால் வரும் நட்டத்தைத் தவிர்க்கலாம்.

ஒப்பந்தம் என்பது எது?

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒருவர் ஒன்றைத் தர முன்வர, மற்றவர் அதை மனமொப்பி ஏற்க, இருவரும் உரிய வயதும் தெளிந்த மனநிலையும் உடையவராய் இருந்து, கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்கு உட்பட்டிருந்தால் அது ஒப்பந்தமாகும். எல்லா ஒப்பந்தத்துக்கும் காகிதம் தேவை என்று அச்சட்டம் கூறவில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கிறோமே, அதுவும் ஒப்பந்தமே.

கணினி, கைப்பேசி வாயிலாகச் செய்யும் ஒப்பந்தங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறுகிறது. 2008இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 10-ஏ பிரிவின்படி, மின்னணு முறையில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டமும், உரிய சான்றுடன் தாக்கல் செய்யப்படும் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆகவே 'படிக்காமல் அழுத்திவிட்டேன்' என்று மட்டும் கூறித் தப்பிப்பது கடினம்.

கனடா நாட்டு உழவரின் வழக்கு

இதற்கு எடுத்துக்காட்டாகக் கனடா நாட்டில் சஸ்காட்சுவான் மாநிலத்தில் நடந்த வழக்கைக் கூறலாம். 2021 மார்ச் மாதத்தில், ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் ஆளிவிதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படம் எடுத்து, ஓர் உழவரின் கைப்பேசிக்கு அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. விலை புஷல் ஒன்றுக்கு 17 டாலர். நவம்பரில் சரக்கைத் தர வேண்டும். உழவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படக்குறியை மட்டும் பதிலாக அனுப்பினார். நவம்பருக்குள் ஆளிவிதையின் விலை வெகுவாக ஏறிவிட்டது. உழவர் சரக்கைத் தரவில்லை. நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

"ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கவே அக்குறியை அனுப்பினேன்" என்பது உழவரின் வாதம். முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அவர் 'சரி' என்பது போன்ற ஓரிரு சொற்களிலேயே பதில் அனுப்பிச் சரக்கைத் தந்திருந்தார் என்பதை நீதிமன்றம் கவனித்தது. இக்குறியும் கையொப்பமே என்று முடிவு செய்து, ஏறத்தாழ 82,000 கனடா டாலர் இழப்பீடு தருமாறு 2023இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024இல் அதையே உறுதி செய்தது. வேற்று நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், நம் பழைய நடத்தையே நமக்கு எதிரான சாட்சியாகக்கூடும் என்ற பாடம் எங்கும் பொருந்தும்.

எவை செல்லா? எவற்றை எதிர்க்கலாம்?

முதலாவதாக, 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் தந்தை சொல்லி, தந்தையின் கைப்பேசியில் மகன் அழுத்தினால், தந்தை அழுத்தியதாகவே கொள்ள இடமுண்டு. பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து 'நீயே பார்த்துப் போடு' என்று கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, உயிலை மின்னணு முறையில் எழுத இயலாது. நிலத்தை விற்பதானால், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்துக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். செயலியில் அழுத்தியதால் மட்டும் நிலம் கைமாறாது.

மூன்றாவதாக, பொய் கூறியோ உண்மையை மறைத்தோ பெற்ற சம்மதம் சட்டப்படி முழுமையான சம்மதம் ஆகாது. ஏமாற்றப்பட்டவர் அந்த ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளலாம். அறிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாக, பொருள் வாங்கும் செயலிகளில் நிறுவனமே முன்கூட்டி 'டிக்' அடித்து வைத்த கட்டத்தைச் சம்மதமாகக் கொள்ளக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன.

ஐந்தாவதாக, நியாயமற்ற நிபந்தனைகள். அளவுக்கு மீறிய முன்பணம், சிறு தவறுக்குப் பெருந்தண்டம், காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் முறித்துக்கொள்ளும் உரிமை போன்றவற்றை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்றவை எனக் குறிப்பிடுகிறது. அவற்றைச் செல்லாதவை என அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு.

உழவரும் நுகர்வோரே

'வழக்கு எதுவாயினும் மும்பையில்தான் தொடர வேண்டும்' என்பது போன்ற நிபந்தனையைக் கண்டு மனம் தளர வேண்டாம். பிழைப்புக்காகப் பயிர் செய்யும் உழவர், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கிய உழவர்கள் நுகர்வோரே என்றும், ஒப்பந்தத்தில் நடுவர் தீர்வு நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தை நாடத் தடையில்லை என்றும் தீர்ப்பளித்துள்ளது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நாம் வாங்கும்போதுதான் நுகர்வோர். விளைபொருளை விற்கும்போது நாம் விற்பனையாளர். அங்கே இந்தப் பாதுகாப்பு கிட்டாது. ஆகவே விற்பனைச் செயலியில் அழுத்துமுன் இருமடங்கு கவனம் தேவை.

கடன் செயலிகள்

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் தருமுன் வட்டி, கட்டணம், ஆண்டுக்கான மொத்தச் செலவு ஆகியவற்றை ஒரு விவரத் தாளில் காட்ட வேண்டும். கடன் தொகை நேரடியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மனம் மாறினால், தண்டமின்றி அசலையும் அந்நாட்களுக்குரிய செலவையும் செலுத்தி விலகிக்கொள்ளக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். இவை இல்லாத செயலியைத் தொடாதீர்கள்.

அழுத்துமுன் செய்ய வேண்டியவை

1. நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண் உள்ளனவா என்று பாருங்கள்.

2. விலை, எடை, ஈரப்பதம், தரக்கழிவு, பணம் தரும் நாள் ஆகியவற்றைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிடில், படித்த ஒருவரைக் கொண்டு கேட்டறிந்த பின்னரே அழுத்துங்கள்.

3. நீக்கிக்கொள்ளும் முறையையும் தண்டத் தொகையையும் பாருங்கள்.

4. நிபந்தனைப் பக்கத்தையும் விலைப் பக்கத்தையும் கைப்பேசித் திரையில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தப் பக்கம் மாறிவிடக்கூடும்.

5. ஓ.டி.பி. எண்ணைக் கூறுவதைக் கையெழுத்துப் போடுவதாகவே எண்ணுங்கள்.

6. முடிவு செய்யாத நிலையில் படக்குறி அனுப்பாதீர்கள். 'கிடைத்தது, இன்னும் சம்மதிக்கவில்லை' என்று எழுதி அனுப்புங்கள்.

7. விதையாயின் ரசீது, பை, சான்று அட்டை, சிறிதளவு விதை ஆகியவற்றை அறுவடை வரை பாதுகாத்து வையுங்கள். முளைப்பில் குறை கண்டால், பயிர் வயலில் நிற்கும்போதே வேளாண்மை அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற தேசிய உதவி எண்ணையும், இணைய வழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

விதைப் பையின் சான்று அட்டையில் முளைப்புத் திறனையும் காலக்கெடுவையும் பார்த்த பிறகே விதைக்கிறோம். அதே பழக்கத்தைக் கைப்பேசித் திரைக்கும் கொண்டுவருவோமானால், அந்தச் சிறு கட்டம் நம் உழைப்பின் பயனைப் பறிக்க இயலாது.