பழைய மெட்டும் புதிய பாட்டும்

(ராசிங்காபுரத்தில் நாட்டுப்புறக் கலை விழாவையொட்டிப் பேசியதன் சாரம்)



விழா மேடையில் முன்னோர் பாட்டை மாத்திரமே பாட வேண்டும், புதுப்பாட்டு வந்தால் கலை கெட்டுப்போகும் என்கிறார்கள் சிலர். பழையதையெல்லாம் மூட்டை கட்டுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரு கட்சியாரையும் நாம் ஒன்று கேட்கிறோம். ஒப்பாரி வைக்கும் கிழவி எந்தப் புத்தகத்தைப் பார்த்து அழுகிறாள்? மெட்டு அவள் பாட்டி கொடுத்தது. செத்தவன் பேரும், அவன் பட்ட பாடும் அவளே அந்த நிமிஷத்தில் கட்டியவை. தெம்மாங்குக்காரன் சங்கதியும் இதுவே. ஆகவே, பழைய மெட்டில் புதுச் சொல் ஏற்றுவதே நம் ஜனங்களின் பழைய வழக்கம்.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தவரான பாவலர் வரதராசன், 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடினார். அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் அம்மையார் வெற்றி பெற்றார். பாவலர் குழுவோடு ஊரூராய்ப் போய்ப் பாடிய தம்பி இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' படத்தில் நம் கிராமத்து இசையை நாடெங்கும் கேட்கச் செய்தார். இவர்களால் பழைய மெட்டு செத்தா போயிற்று?

ஆனால், பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் காக்க முடியுமா? ஜாதிப் பெருமை பேசும் பாட்டையும், பெண்ணை அடிமையாக்கும் பாட்டையும் எதற்காகக் காப்பது? பறையின் ஓசையைப் 'பாரம்பரியம்' என்று புகழ்ந்துவிட்டு, அடிக்கிற மனிதனை மேடைக்குக் கீழே நிறுத்துவது எந்த யோக்கியதை? சாவு வீட்டில் ஜாதிக் கடமையென்று கட்டாயப்படுத்தி அடிக்கச் சொன்ன இழிவு ஒழிய வேண்டும். அந்த வித்தை வாழ வேண்டும்.

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் நம் பெண்களின் கூலிக் கஷ்டத்தை எந்தப் பழம்பாட்டு சொல்லும்? அதை அவர்களே கட்டிப் பாட வேண்டாமா? அதற்காக, சினிமா மெட்டை ஒலிபெருக்கியில் அலறவிட்டு மேளத்தை அமுக்குவதும் புதுமையாகிவிடாது.

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். விழா நேரத்தில் பாதியை முதிய கலைஞர்களுக்கும், பாதியைப் புதிதாய்க் கட்டுகிறவர்களுக்கும் கொடுங்கள். புதிதாய்க் கட்டுகிறவன் முதலில் முதியவரிடம் மெட்டைக் கற்கட்டும். இருவருக்கும் ஒரே மேடை, ஒரே மரியாதை, ஒரே சன்மானம் இருக்கட்டும். பாட்டு பழையதா புதியதா என்று பார்க்காமல், அறிவுக்கும் மானத்துக்கும் ஒத்ததா என்று பாருங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஏற்க வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்து, சரியென்று பட்டால் இந்த வருஷத்து விழாவிலேயே செய்து பாருங்கள்.