வானத்து மீனும் கடலோடியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நடுக்கடலில் மைல்கல் இல்லை; வழி கேட்க ஆளும் இல்லை. அங்கே தம் கப்பல் நிற்கும் இடத்தை மாலுமிகள் எவ்வாறு அறிந்தனர் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

பருத்தித்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்கினால், துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 10 பாகை உயரத்திற் காணப்படும். அவ்வூரின் அகலக்கோடும் ஏறத்தாழ அதுவே. வடக்கே செல்லச் செல்ல அம்மீன் உயரும். ஆகவே வடக்குத் தெற்கு நிலையை அறிதல் எளிது. கிழக்கு மேற்கு நிலையோ நேரத்தைப் பற்றியது. பூமி சுழல்வதால், கடிகாரம் 4 செக்கன் பிழைத்தால் பூமத்திய ரேகையிலே கணக்கு ஒரு கடல் மைல் பிழைக்கும். இங்கிலாந்தின் யோன் ஹரிசன் என்பார், தச்சுத்தொழிலில் வளர்ந்தவர், செய்த கடிகாரம் 1761ஆம் ஆண்டிற் கப்பலேறி யமேக்காவுக்குச் சென்று இக்குறையைத் தீர்க்க வழிகாட்டிற்று.

ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு கணத்திலும் பூமியில் ஓரிடத்துக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. அவ்விடம் எதுவெனக் கடற் பஞ்சாங்கம் கூறும். செக்ஸ்டன்ற் என்னுங் கருவியால் நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கின்றோம். அது 60 பாகையாயின், உச்சியிலிருந்து 30 பாகை சாய்ந்துளது. பாகைக்கு 60 கடல் மைலாக, அவ்விடத்திலிருந்து நாம் 1800 கடல் மைல் தொலைவில் நிற்கின்றோம். அத்தொலைவில் ஒரு வட்டங் கீறினால், அதன்மேல் எங்கோ நம் கப்பல் உண்டு. இரண்டாம் நட்சத்திரம் இன்னொரு வட்டந் தரும். அவை வெட்டுமிடத்தை மூன்றாம் நட்சத்திரம் சோதித்து உறுதிசெய்யும். நட்சத்திரமும் அடிவானமும் ஒருங்கே தெரியும் வைகறையும் அந்தியுமே இதற்கேற்ற வேளை.

கடற் பஞ்சாங்கத்தில் இதற்கெனத் தெரிந்தெடுத்த நட்சத்திரங்கள் 57. நம் பாட்டிமார் அறிந்த ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சோதி, கேட்டை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். நாள் பார்க்க நாம் சொல்லும் பெயர்கள் கடலில் உயிர் காக்கும் விளக்குகளாயும் உள்ளன!

1837ஆம் ஆண்டு மார்கழி 17ஆந் திகதி, அமெரிக்கக் கப்பற்றலைவர் தோமஸ் சம்னர், புயற்காற்று அயர்லாந்துக் கரையை நோக்கித் தள்ள, தம் நிலை அறியாது தவித்தார். முகிலிடையே சூரியன் ஒருமுறை முகங்காட்டிற்று. உயரத்தை அளந்தார், ஆனால் அகலக்கோடு ஐயம். ஓர் அகலக்கோட்டைக் கொண்டு கணித்தார். பின் வேறிரண்டைக் கொண்டுங் கணித்தார். மூன்று விடைகளும் படத்தில் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அக்கோடு சிமோல்ஸ் வெளிச்சவீட்டினூடாகச் சென்றது. கோட்டின் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதை அறியாவிடினும், அதன் வழியே கப்பலைச் செலுத்தினார். ஒரு மணி நேரத்துள் வெளிச்சவீடு தெரிந்தது. 1843இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். வட்டத்தின் சிறு துண்டே அக்கோடு.

இன்று செயற்கைக் கோள்கள் கணத்தில் நிலையைக் கூறுகின்றன. பின் ஏன் இக்கல்வி? அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இதைக் கைவிட்டு, 2015இல் மீண்டுங் கற்பிக்கத் தொடங்கிற்று. கருவி பழுதுறலாம், பகைவர் அதை மயக்கலாம், நட்சத்திரங்களை எவரும் அணைத்துவிட முடியாது.

வாலிபர்களே, சம்னர் தம் ஐயத்தை மறைக்கவில்லை. ஐயத்தையே கணக்கில் வைத்து வழி கண்டார். அறியாததை அறியாததென ஒப்பி, அறிந்ததைக் கொண்டு முன்செல்லும் அத்துணிவு நமக்கும் வேண்டும். இன்றிரவு முற்றத்துக்கு வந்து, வீட்டிலுள்ள பெரியோரிடம் ஒரு நட்சத்திரத்தின் பெயரையேனுங் கேட்டறிவோமாக.