15 வாட்னா 15 வாட்தானா?

சோழவந்தான்ல இருக்கிற சித்தி பொண்ணு கல்யாண வீடியோ எடிட் பண்றா. "அண்ணே, பராமரிப்புன்னு காலையில கரண்ட்டை நிறுத்துனா சாயங்காலம்தான் வருது. தாங்குற லேப்டாப் எதுண்ணே?"ன்னு கேட்டா.

அவ பார்த்து வச்சிருந்தது இன்டெல் கோர் ஐ5-1235யூ. 15 வாட்னு போட்டிருக்கும். அது அடிப்படை அளவு மட்டும்தான். உச்சத்துல 55 வாட் வரை போகலாம்னு இன்டெலே சொல்லுது. அதுல எவ்வளவு விடுறதுங்கிறது லேப்டாப் கம்பெனி முடிவு. அதான் ஒரே சிப், ரெண்டு லேப்டாப்ல ரெண்டு வேகம்.

அதுக்காக குறைஞ்ச வாட்தான் நல்லதுன்னும் இல்லை. ஒரு கணக்குக்கு, 30 வாட் இழுத்து 10 நிமிஷத்துல ரெண்டர் முடிஞ்சா செலவு 5 வாட் ஹவர். 15 வாட்ல 25 நிமிஷம் ஓடினா 6.25. நிதானமா ஓடினதுதான் பேட்டரியை அதிகம் குடிச்சிருக்கு!

2020ல வந்த ஆப்பிள் எம்1 மேக்புக் ஏர் இந்தக் கணக்குல கெட்டி. பேட்டரி 49.9 வாட் ஹவர்தான், உள்ளே ஃபேனே கிடையாது. ஆனா நம்ம ஊர் சித்திரை வெயில்ல, ரூம் ஃபேனும் ஓடாதப்ப, நீண்ட ரெண்டர்னா அதுவும் சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கும்.

அவகிட்ட சொன்னது இதான்: ரெண்டு லேப்டாப்லயும் சார்ஜரைக் கழட்டிட்டு உன் வீடியோ ஒண்ணையே ரெண்டர் போடு. எத்தனை சதவீதம் இறங்குச்சோ, அதை பேட்டரி அளவோட பெருக்கிப் பாரு.