கணினியும் தொலைக்காட்சிப் பெட்டியும்

வீட்டுக் கணினியை உயர்தெளிவுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைப்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். இந்த வித்தையை எனக்குக் கற்பித்தது என் தமக்கையாரின் கண்தான். ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமக்கையாருக்கு வயது 81. நெடுங்காலம் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். காலஞ்சென்ற அவர் கணவர் எழுதிவைத்த கட்டுரைகளைப் பேத்தி கணினியில் தட்டெழுத்திட்டுப் புத்தகமாக்க முனைந்திருக்கிறாள். பிழை திருத்த வேண்டியவர் தமக்கையார்; ஏனெனில் அந்தக் கையெழுத்து வேறு எவருக்கும் புரியாது. ஆனால் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி நாளுக்கு நாள் பழுதடைந்து வருகிறது. "பார்வை இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மடிக்கணினியில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்கு சொற்களிலேயே வரி முடிந்துபோகிறது. கூடத்திலோ 43 அங்குலத் தொலைக்காட்சி சுவரை அலங்கரித்துக்கொண்டிருந்தது. "தம்பி, அதிலே தெரியும்படி செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

கடைக்குச் சென்றேன். கடைக்காரர் பொன்முலாம் பூசிய கேபிள் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதிலே படம் பளிச்சென்று வரும், சார்" என்றார். நம்பி வாங்கினேன். எச்.டி.எம்.ஐ. எனப்படும் இந்த இணைப்பிலே படம் எண்களாகவே செல்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், மலிவான கேபிளும் விலையுயர்ந்த கேபிளும் ஒன்றே. சேராவிட்டால் திரையில் மின்மினி போலப் பொறிகள் பறக்கும், அல்லது படம் அறுந்து அறுந்து வரும். நீளம் மிகும்போதுதான் தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். எனக்கு வேண்டியிருந்ததோ இரண்டே மீட்டர்!

இந்த இணைப்பு முறை 2002-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் செல்லும். 1987-இல் வந்த வி.ஜி.ஏ. இணைப்பில் படம் மட்டுமே செல்லும். பழைய கணினி வைத்திருப்போர் ஒலிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கேபிளைச் செருகினேன், படம் வந்தது, பெருமிதத்தோடு நின்றேன். தமக்கையார் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "மேலே முதல் வரியின் தலை வெட்டுப்பட்டிருக்கிறதே. அது போகட்டும். இந்தச் சொல் 'பல' என்பதா, 'பல்' என்பதா? புள்ளி இருப்பதுபோலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. தட்டெழுதியவள் விட்டாளா, உன் பெட்டி விழுங்கிற்றா என்று நான் எப்படியப்பா அறிவேன்?" என்றார்.

பிழை திருத்துபவருக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறென்ன இருக்க முடியும்? காரணத்தைத் தேடிப் புறப்பட்டேன்.

படக்குழாய் இருந்த காலத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் படத்தின் விளிம்பு ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆகவே படத்தைச் சற்றே பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவது வழக்கம். அக்காலக் கணினிகளும் இதற்கு அடங்கியே நடந்தன. 1982-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இஸட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினியை, வீட்டுத் தொலைக்காட்சியின் ஆன்டெனாத் துளையிலேயே இணைத்துப் பயன்படுத்தினார்கள். 256-க்கு 192 புள்ளிகளைக் கொண்ட அதன் படத்தைச் சுற்றி வெறும் கரை ஒன்று விடப்பட்டிருந்தது. வெட்டுப்பட்டால் கரைதான் வெட்டுப்படும்.

இன்றைய தட்டைத் திரைக்கு அந்தத் தேவை இல்லை. ஆயினும் பல பெட்டிகள் பாட்டன் காலத்து வழக்கத்தை விடவில்லை. என் பெட்டியில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே கணக்கு அனுப்புகிறது. பெட்டியோ அந்தப் படத்தைச் சிறிது பெரிதாக்குகிறது. உடனே ஒரு புள்ளிக்கு உரியது பக்கத்துப் புள்ளிகளிலும் வழிந்துவிடுகிறது. நடிகரின் முகத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. 'ல்' என்னும் எழுத்தின் புள்ளிக்கோ அது பெருங்குறை. போதாக்குறைக்கு, எழுத்தின் ஓரங்களைக் கூர்மையாக்குகிறேன் என்று சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு இழுக்கிறது. வண்ணத்தைப் பற்றிய விவரத்தை அடுத்தடுத்த புள்ளிகளுக்குப் பொதுவாகப் பங்கிட்டுவிடுவதும் உண்டு. கறுப்பு எழுத்து அதில் தப்பிவிடும்; தமக்கையார் திருத்தம் இடும் சிவப்பு எழுத்து கலங்கிப்போயிற்று. திரைப்படத்துக்கு உதவுகிற இந்த அலங்காரமெல்லாம் எழுத்துக்குப் பகை. செய்யவேண்டியது ஒன்றுதான்: பெட்டியைச் சும்மா இருக்கச் சொல்லவேண்டும்.

ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவு என்னும் பகுதிக்குச் சென்றேன். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்டாமல், பெரிதாக்காமல் காட்டு என்பதே பொருள். பிறகு கேபிள் செருகிய துளைக்குப் பட்டியலில் 'பி.சி.' என்று பெயரிட்டேன். பல பெட்டிகளில் இந்தப் பெயரைக் கண்டதுமே பாதி அலங்காரம் நின்றுவிடும். என் பெட்டியில் சிவப்பும் தெளிந்தது. கூர்மையைக் குறைத்தேன். அருகில் அமர்ந்து படிப்பவருக்கு வெண்பக்கம் கண்ணைக் கூசச் செய்யுமாதலால் வெளிச்சத்தையும் தணித்தேன்.

கணினியின் பக்கத்தில் நான் ஒரு தவறு செய்திருந்தேன். எழுத்துப் பெரிதாகத் தெரியவேண்டும் என்று திரையின் புள்ளிக் கணக்கைக் குறைத்துவைத்திருந்தேன். அது கூடாது. கணக்கு 1920-க்கு 1080 என்றே இருக்கவேண்டும். எழுத்தின் அளவை மட்டும் 200 சதவீதமாக உயர்த்தவேண்டும். ஒலி வராவிட்டால், கணினியின் ஒலிப் பட்டியலில் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.

மறுபடியும் தமக்கையாரை அழைத்தேன். பக்கத்தை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று நகைத்தார். "பல் காலமாக என்று அடித்திருக்கிறாள், பார். இது பெட்டியின் பிழை அன்று, பேத்தியின் பிழை" என்று கூறி, அந்தப் புள்ளியைச் சிவப்பால் சுழித்தார்.

இதுவரை 40 பக்கங்கள் முடிந்திருக்கின்றன. இன்னும் 120 பக்கங்கள் இருக்கின்றன. மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை எங்கள் வீட்டில் வேறு எவரும் ரிமோட்டைத் தொடுவதில்லை.