கணினியில் கரகரப்பு: குறை எங்கே இருக்கிறது?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியரின் குரல் கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் நம் வீடு தேடி வந்தது. அன்று சீட்டுப் பணம் எடுத்தும், உறவினரிடம் பழையதைக் கேட்டு வாங்கியும் பல குடும்பங்கள் கணினி வைத்துக்கொண்டன. அத்தகைய கணினிகளைப் பற்றிப் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. “சத்தம் கரகரவென்று வருகிறது; பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை” என்பதே அது.

இதைச் சிறிய குறை என்று தள்ளிவிடலாகாது. வால், வாள், வாழ் என்னும் மூன்று சொற்களையும் எண்ணிப் பாருங்கள். ஓர் எழுத்தின் ஒலியில்தான் பொருள் மாறுகிறது. இரைச்சல் வந்தால் இத்தகைய நுட்பமான வேறுபாடுகள்தாம் முதலில் மறைந்து போகின்றன. பிள்ளை தவறாகக் கேட்டுத் தவறாகவே எழுதுகிறது. “காதில் விழவில்லை” என்று சொல்லக் கூச்சப்படுகிறது. நாமோ, “பாடத்தில் கவனம் இல்லை” என்று கடிந்துகொள்கிறோம். குறை பிள்ளையிடம் இல்லாமல் ஒரு கம்பியில் இருக்கலாம் அல்லவா?

அந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் நாம் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்போம். அங்கே தெளிவாக வந்தால் குறை நம் குழாயில். அங்கேயும் கலங்கல் என்றால் குறை தொட்டியில். கணினிக்கும் இதே வழிதான்.

முதலில், கணினியில் முன்பே பதிவாகியுள்ள ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாட்டு தெளிவாக இருந்து, நேரடி வகுப்பில் மட்டும் குரல் விட்டுவிட்டு வந்தால், இணைய இணைப்பு பலவீனமாக இருக்கலாம். பேசுபவரின் ஒலிவாங்கியிலும் குறை இருக்கலாம். பாட்டும் கரகரத்தால், ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுக் காதில் மாட்டும் இயர்போனைச் செருகுங்கள். அதில் தெளிவாகக் கேட்டால், குறை பெரும்பாலும் ஒலிபெருக்கியிலோ அதன் கம்பியிலோதான். அதிலும் கரகரத்தால், அதே இயர்போனை வேறொரு கருவியில் செருகிக் கேளுங்கள். அங்கே தெளிவாக இருந்தால் மட்டுமே கணினியைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் ஒரு விதி முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், எதனால் குணமாயிற்று என்பது தெரியாமல் போய்விடும்.

அடுத்து, இரைச்சல் எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். கம்பியை அசைக்கும்போது ‘கர் கர்’ என்று வந்தால், செருகி சரியாக உட்காரவில்லை, அல்லது கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. கணினியின் பின்புறம், பெரும்பாலும் பச்சை நிறமிட்ட துளையில்தான் ஒலிபெருக்கியைச் செருக வேண்டும். தூசி படிந்திருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செருகியை உலர்ந்த துணியால் துடையுங்கள். துளைக்குள் ஊசியை விட வேண்டாம்.

‘ம்ம்ம்’ என்று இடைவிடாத முனகல் கேட்டால், அது மின்சாரத்திலிருந்து வருவது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அதிர்வே முனகலாகக் கேட்கிறது. ஒலிக் கம்பியை மின்கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள். கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். மடிக்கணினியானால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். முனகல் நின்றால், அது சார்ஜர் வழியாக வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால், முனகலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் மூன்றாவது முனையை ஒருபோதும் வெட்டக் கூடாது. அது நம் உயிரைக் காக்கும் முனை.

சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் குரல் கிழிந்து, நசுங்கிக் கேட்டால், கருவியால் தாங்க முடியாத அளவுக்குக் கூட்டிவிட்டோம் என்று பொருள். கணினியிலும் ஒலிபெருக்கியிலும் அளவைச் சற்றுக் குறையுங்கள். குறைத்த பிறகும் கிழிந்து கேட்டால், ஒலிபெருக்கியின் உள்ளே இருக்கும் தாள் கிழிந்திருக்கலாம்.

டிக், டிக் என்று வெட்டு விழுந்தால் காரணம் வேறு. கணினி ஒலியை எண்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு விநாடிக்கும் 44,100 அல்லது 48,000 அளவுகளை வரிசை தவறாமல் அனுப்ப வேண்டும். பல வேலைகளை ஒன்றாகக் கொடுத்தால் கணினி திணறும். வரிசையில் இடைவெளி விழும். அந்த இடைவெளியே வெட்டாகக் கேட்கிறது. தேவையற்றவற்றை மூடுங்கள், கணினியை ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். ஒலியை இயக்கும் மென்பொருள் பழையதாக இருந்தால், கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் புதியதைப் பெறுங்கள். கம்பியில்லாத புளூடூத் இயர்போனும் வீட்டு வைஃபையும் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் வேலை செய்வதால் ஒன்றையொன்று தடுக்கலாம். கம்பியுள்ள இயர்போனை மாட்டிப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் குணமாகவில்லையா? கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். கடைக்கே கொண்டு செல்லுங்கள். ஆனால், கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். “இயர்போனில் தெளிவாகக் கேட்கிறது, ஒலிபெருக்கியில் மட்டும் இரைகிறது” என்று சொல்பவரிடம், “கணினியையே மாற்ற வேண்டும்” என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி வீணாகாது.

பெற்றோர்களே, கணினி படிக்காதவர்களுக்கு இதெல்லாம் முடியுமா என்று தயங்க வேண்டாம். இதற்கு வேண்டியது பொறுமையும், கூர்ந்து கேட்கும் காதும்தான். பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், கடிந்துகொள்வதற்கு முன் அதன் இயர்போனை வாங்கி உங்கள் காதில் ஒரு நிமிடம் வைத்துக் கேளுங்கள். பிள்ளைக்கு என்ன கேட்கிறது என்பதை முதலில் நாம் கேட்போம்.